அந்த ஆர்கனை வாசித்தவர் பெயரையும் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் இணைப்பில், ராக் குழுக்களின் முதல் பாட்டு எப்படிப் பிறந்தது என்று ஒரு முழுப் பக்கக் கட்டுரை வந்திருந்தது. அதில் ப்ரோகோல் ஹாரம் என்ற இங்கிலாந்துக் குழுவையும் அவர்களுடைய ‘எ ஒயிட்டர் ஷேட் ஆஃப் பேல்’ பாட்டையும் பற்றி இரண்டு பத்தி எழுதியிருந்தீர்கள். தமிழில் யாராவது இந்தப் பாட்டைப் பற்றி எழுத மாட்டார்களா என்று ரொம்ப வருஷமாக ஏங்கியவன் நான், அதனால் முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். ஆனால் படித்து முடித்ததும் மனசு கேட்கவில்லை. பாட்டை உருவாக்கியவர்கள் கேரி ப்ரூக்கரும் கீத் ரீடும் என்று இரண்டே பெயர் போட்டிருந்தீர்கள். அதற்கு அடுத்த வரியில், பின்னணியில் ஒலிக்கும் ஆர்கன் மனதை மயக்குகிறது என்று ஒரு வாக்கியம். ஆர்கன் என்றால் பியானோ மாதிரிக் கட்டைகளை அழுத்தி வாசிக்கிற, சுரம் நீண்டு நிற்கிற வாத்தியம். அந்த ஆர்கனை ஒருவர் வாசித்தார். அந்த மெட்டைப் போட்டவரும் அவர்தான். அவர் பெயர் மேத்யூ ஃபிஷர். அதை நிரூபிக்க 2005-இல் வழக்குப் போட்டு, அந்த நாட்டின் உச்சபட்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 2009-இல் ஜெயித்த மனிதர் அவர். தீர்ப்பு வந்து இத்தனை வருஷம் கழித்தும் அவர் பெயர் விட்டுப்போகிறது என்றால் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பாட்டைக் கேட்டிராத வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். 1967-ஆம் வருஷம், லண்டன். ப்ரூக்கர் அதற்கு முன்னால் தி பாராமவுண்ட்ஸ் என்ற குழுவில் இருந்தவர், பியானோ வாசிப்பார், குரல் அப்படியே கறுப்பின சோல் பாடகர்களின் குரல்போல அடிவயிற்றிலிருந்து வரும். ரீட் பாட்டு எழுதுகிறவர், எந்த வாத்தியமும் தொட மாட்டார். ஒரு விருந்தில் யாரோ ஒருவர் ஒரு பெண்ணைப் பார்த்து, உன் முகம் வெளிறியதிலும் வெளிறிப் போய்விட்டதே என்கிற மாதிரி ஒரு வாக்கியம் சொன்னது ரீடின் காதில் விழுந்தது, அதுதான் பாட்டின் தலைப்பு. நாலு சரணம் எழுதினார், இசைத்தட்டுக்கு நீளம் என்று இரண்டை வைத்துக்கொண்டு இரண்டை விட்டுவிட்டார்கள். குழுவின் பெயர் ஒரு பூனையின் பெயர், பர்மிய இனப் பூனை, போனில் சொல்லும்போது எழுத்து மாறிப்போனது என்பதை நீங்களே எழுதியிருந்தீர்கள். சரி, அந்தப் பூனைக்குக் கொடுத்த வரியில் பாதியையாவது ஆர்கன்காரருக்குக் கொடுத்திருக்கலாம் என்பதுதான் என் வருத்தம்.

ப்ரூக்கரும் ரீடும் பாட்டைப் போட்டு முடித்த பிறகுதான் ஃபிஷர் குழுவுக்குள் வருகிறார். இதை மறைக்க வேண்டியதில்லை, ப்ரூக்கர் தரப்பு நீதிமன்றத்தில் சொன்ன முக்கியமான வாதமே இதுதான். பாட்டின் வரிகளுக்கான மெட்டும் அதைத் தாங்கும் கார்டுகளும், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகளும், ப்ரூக்கருடையவை. அதில் அடித்தளச் சுரம் படிப்படியாக இறங்கிக்கொண்டே போகும், நம்முடைய கணக்கில் சொன்னால் ச நி த ப ம க ரி ச என்று ஒரு ஸ்தாயி முழுக்க அவசரமே இல்லாமல் கீழே இறங்கி வரும். ஜெர்மானிய இசை மேதை பாக்கின் ‘ஏர்’ என்ற ஒரு இசைத் துண்டு இப்படித்தான் இறங்கும், தேவாலயத்தில் ஆர்கன் கேட்டு வளர்ந்தவர்களுக்கு உடனே பிடிபடும். இந்த இறங்குபடியின் மேலே என்ன வாசிப்பது என்பது அப்போது திறந்தே கிடந்தது. ஒத்திகையில் ஃபிஷர் உட்கார்ந்து எட்டு அளவுக்கு, அதாவது எட்டுத் தாளச் சுற்றுக்கு, ஒரு மெட்டு கட்டினார். ஒரு நீண்ட சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும், கீழே அடித்தளம் நகர்ந்துகொண்டே இருக்கும், அப்புறம் மேலே இருக்கிற சுரம் மெல்ல வளைந்து, சின்னச் சின்ன அலங்காரத்தோடு இறங்கும். பாட்டில் முதலில் காதில் விழுவது அதுதான், ப்ரூக்கர் வாயைத் திறப்பதற்கு முன்னால் அந்த எட்டு அளவும் ஓடி முடிந்துவிடும். சரணத்துக்கும் சரணத்துக்கும் நடுவில் அது திரும்ப வரும், கடைசியில் பாட்டு மங்கி மறையும்போதும் அதுதான் கேட்டுக்கொண்டிருக்கும். இதைப் பின்னணி என்று எப்படிச் சொல்வது? முன்னால் நிற்பதே அதுதானே.

வாத்தியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த ஒலியும் சும்மா வந்துவிடவில்லை. ஃபிஷர் வாசித்தது ஹாமண்ட் எம்-102, வீட்டுக் கூடத்தில் வைப்பதற்காகச் செய்த சின்ன ரகம். ஹாமண்டுக்குள் பல் வைத்த உலோகச் சக்கரங்கள் காந்தத்துக்கு முன்னால் சுழலும், ஒவ்வொரு சக்கரமும் ஒரு சுரம். முன்னால் இருக்கிற இழுப்பான்களை எவ்வளவு வெளியே இழுக்கிறோமோ அதற்கேற்ப ஒலியின் நிறம் மாறும். அதோடு லெஸ்லி ஸ்பீக்கரைச் சேர்த்தால், அதற்குள் குழலே சுற்றிச் சுற்றி வருவதால் ஒலி நம்மைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்ப வருவதுபோல அசையும். எந்த இழுப்பானை எவ்வளவு இழுப்பது, லெஸ்லியை எப்போது மெதுவாக விடுவது, எப்போது வேகமாக விடுவது என்பதெல்லாம் வாசிப்பவர் எடுக்கும் முடிவுகள். கீபோர்டில் ஒரு பொத்தானைத் தட்டினால் ‘ராக் ஆர்கன்’ என்று வந்து நிற்கும் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு, அந்தப் பொத்தானுக்குள் இருக்கும் ஒலியை ஒரு காலத்தில் கையாலேயே தேடிக் கண்டுபிடித்தார்கள் என்று யாராவது சொல்ல வேண்டும்.

ஒலிம்பிக் ஸ்டுடியோவில் பாட்டைப் பதிவு செய்தார்கள், தயாரித்தவர் டென்னி கார்டெல். ப்ரூக்கருக்கும் ஃபிஷருக்கும் 21 வயது, ரீடுக்கு 20. ட்ரம்ஸ் வாசித்த பில் ஐடன் குழுவைச் சேர்ந்தவரே இல்லை, அன்றைக்கு மட்டும் கூப்பிட்டு வாசிக்க வைத்த ஜாஸ் கலைஞர். வாசித்தார், அன்றைய கூலியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். மே 12-ஆம் தேதி டெரம் நிறுவனம் தட்டை வெளியிட்டது. கடலில் கப்பலை நிறுத்தி அனுமதி இல்லாமல் ஒலிபரப்பிக்கொண்டிருந்த ரேடியோ லண்டன் போன்ற நிலையங்கள் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்த காலம் அது, ஆகஸ்டில் சட்டம் வந்து அவற்றை மூட வைப்பதற்கு முன்னால் இந்தப் பாட்டு அவற்றில் ஓயாமல் ஓடியது. ஜூன் 8-ஆம் தேதி பிரிட்டனில் முதலிடம், ஆறு வாரம் அங்கேயே நின்றது. அமெரிக்காவில் ஐந்தாம் இடம். ஜான் லென்னன் காரில் இதையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார் என்று அவரோடு இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். முதல் தட்டிலேயே இப்படி ஒரு வெற்றி, அதுவும் யாருக்கும் அர்த்தம் சரியாகப் புரியாத வரிகளை வைத்துக்கொண்டு. 1977-இல் முதல் பிரிட் விருதுகள் கொடுத்தபோது, அதற்கு முந்தைய 25 வருஷத்தின் சிறந்த பிரிட்டிஷ் பாட்டு என்ற பரிசைக் குயின் குழுவின் ‘பொஹீமியன் ராப்சடி’யோடு இது பகிர்ந்துகொண்டது. 2009-இல், கடந்த 75 வருஷத்தில் பிரிட்டனின் பொது இடங்களில் மிக அதிகமாக ஒலித்த பாட்டு எது என்று பிபிசி ஒரு பட்டியல் போட்டது, அதிலும் முதலிடம் இதற்குத்தான். இவ்வளவுக்கும் தட்டின் மேல் ஒட்டிய தாளில் இரண்டே பெயர்.

நான் ஏன் இதற்கு இவ்வளவு மெனக்கெடுகிறேன் என்று கேட்கலாம். எனக்கு அறுபது தாண்டிவிட்டது. 80-களில் திண்டுக்கல், பழநி, நத்தம் பக்கமெல்லாம் திருவிழாக் கச்சேரிகளில் மெல்லிசைக் குழுவோடு கீபோர்டு வாசித்தவன். எந்தக் கச்சேரியிலும் நான் பார்த்த ஒன்று, பாடகர் மைக்கைப் பிடிப்பதற்கு முன்னாலேயே, முன்னிசையின் முதல் நாலு சுரம் கேட்ட உடனே கூட்டம் விசிலடிக்கும். பாட்டின் பெயரைச் சொல்ல வேண்டாம், பல்லவி வரவே வேண்டாம், அந்த பிட் போதும். கொஞ்சம் தப்பாக வாசித்துவிட்டாலோ, பாடகர் எவ்வளவு நன்றாகப் பாடினாலும் முன் வரிசைக்காரர் முகம் சுளிப்பார். அதாவது ஜனங்களுக்கு அந்த பிட்டும் பாட்டும் ஒன்றுதான், பிரித்துப் பார்க்கவே மாட்டார்கள்.

அந்தக் காலத்தில் ஒரு தடவை பக்திப் பாட்டு கேசட் ஒன்றுக்கு வாசிக்கப் போனேன். இசையமைத்தவர் நல்ல மனிதர்தான், ஆனால் ஒரு பாட்டுக்கு முன்னிசை யோசிக்கவில்லை, ‘தம்பி, ஏதாவது வாசிங்க, நல்லா இருந்தா வெச்சுக்கலாம்’ என்றார். வாசித்தேன், வைத்துக்கொண்டார். பிறகு கோயில் கோயிலாக அந்தப் பாட்டு ஒலித்தது, மார்கழியில் விடியற்காலை ஒலிபெருக்கியில் அது ஆரம்பிக்கும்போது எனக்கு மட்டும் தெரியும் அது யாருடையது என்று. கேசட் அட்டையில் என் பெயர் இல்லை. கேட்டேனா? கேட்கவில்லை. கேட்டால் அடுத்த ரெக்கார்டிங்குக்குக் கூப்பிட மாட்டார்கள் என்ற பயம், வீட்டில் கைக்குழந்தை, அந்தக் கூலி எனக்கு வேண்டியிருந்தது.

அதனால்தான் ஃபிஷரின் வழக்கில் எல்லோரும் கேட்ட ஒரு கேள்வி என்னைச் சுட்டது. பாட்டு வந்தது 1967-இல், வழக்குப் போட்டது 2005-இல், 38 வருஷம் என்னய்யா செய்துகொண்டிருந்தாய்? அவர் சொன்ன பதில் எனக்கு அப்படியே விளங்கியது. ஆரம்பத்திலேயே பேச்சை எடுத்துப் பார்த்தேன், தட்டிக் கழித்துவிட்டார்கள், வற்புறுத்தினால் குழுவை விட்டே வெளியேற்றிவிடுவார்கள் என்று நினைத்தேன் என்றார். 21 வயதுப் பையன், சேர்ந்து சில வாரம்தான் ஆகிறது, கையில் நாட்டின் முதல் நம்பர் பாட்டு. அந்த நேரத்தில் வாயைத் திறந்து பங்கு கேட்க எத்தனை பேருக்குத் தைரியம் வரும்? 1969-இல் குழுவை விட்டுப் போனார், 1991-இல் திரும்பச் சேர்ந்து 2004 வரை இருந்தார். அந்த வருஷங்களில் மேடையில் ஏறி, தன் பெயர் இல்லாத பாட்டுக்குத் தானே போட்ட மெட்டைத் திரும்பத் திரும்ப வாசித்திருக்கிறார். அதை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

வழக்கு போன விதத்தையும் சொல்கிறேன், உங்கள் கட்டுரையாளருக்கு உதவும். 2006 டிசம்பரில் உயர் நீதிமன்ற நீதிபதி பிளாக்பர்ன் தீர்ப்புச் சொன்னார். ஆர்கன் பகுதி தனித்துத் தெரிகிற, முக்கியமான படைப்பு, அது ஃபிஷரின் திறமையிலும் உழைப்பிலும் வந்தது, ஆகவே அவரும் இந்தப் பாட்டின் இசையை இயற்றியவர்களில் ஒருவர் என்றார். பாதி வேண்டும் என்று ஃபிஷர் கேட்டார், வரிகளுக்கான மெட்டும் கார்டுகளும் ப்ரூக்கருடையவை என்பதால் இசை உரிமையில் 40 சதவீதம் என்று நீதிபதி கொடுத்தார். பழைய பணம் எதுவும் கிடையாது, வழக்குப் போட்ட நாளிலிருந்துதான். எனக்கு இது நியாயமான கணக்காகத்தான் படுகிறது. ப்ரூக்கரின் பங்கை யாரும் குறைக்கவில்லை, அவருடைய குரல் இல்லாவிட்டால் அந்தப் பாட்டுக்கு உயிரே கிடையாது.

2008-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இவரும் இயற்றியவர்தான் என்பதை ஒப்புக்கொண்டது, ஆனால் இவ்வளவு காலம் தாமதித்ததால் பணத்தில் பங்கு கிடையாது என்றது. பெயர் மட்டும் வைத்துக்கொள் என்பதுபோல. ஃபிஷர் விடவில்லை. அப்போது அந்த நாட்டின் உச்சபட்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபைக்கு வழக்கு போனது. 2009 ஜூலை 30-ஆம் தேதி ஐந்து நீதிபதிகளும் ஒரே குரலில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்கள். பதிப்புரிமையில் பங்கு கேட்பதற்குச் சட்டத்தில் காலக்கெடு எதுவும் இல்லை, தாமதத்தால் எதிர்த்தரப்புக்கு நஷ்டம் ஒன்றும் வந்துவிடவில்லை, பார்க்கப்போனால் அத்தனை வருஷமும் மொத்த வருமானமும் அவர்களுக்கே போனதால் லாபம்தான் என்று விளக்கினார்கள். அவர்களில் ஒருவரான சீமாட்டி ஹேல், அறுபதுகளை நினைவில் வைத்திருக்கிற ஒருத்தியாக, மறக்க முடியாத அந்த ஆர்கன் பகுதியை இயற்றியவருக்குக் கடைசியில் உரிய அங்கீகாரம் கிடைத்ததில் தனக்கு மகிழ்ச்சி என்று தீர்ப்பிலேயே எழுதினார். பிரபுக்கள் சபை நீதிமன்றமாக உட்கார்ந்து தீர்ப்புச் சொன்ன கடைசி நாளும் அதுதான், அக்டோபரில் அந்த வேலை புதிய உச்ச நீதிமன்றத்துக்குப் போய்விட்டது.

எதிர்த்தரப்பு சொன்னதையும் சொல்லிவிட வேண்டும். 2006 தீர்ப்பு வந்தபோது ப்ரூக்கர் ரொம்ப நொந்துபோனார். இது இசைத் தொழிலுக்கே இருண்ட நாள், இனி எந்தப் பதிவில் யார் எதை வாசித்திருந்தாலும் பங்கு கேட்டு வந்து நிற்கலாம் என்றார். அந்தப் பயத்தில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். நானே எத்தனையோ பதிவுகளில் எழுதிக் கொடுத்ததை அப்படியே வாசித்துவிட்டு வந்திருக்கிறேன், அதற்குக் கூலி போதும், பங்கு கேட்க எனக்கு உரிமை இல்லை. அன்றைக்கு ட்ரம்ஸ் வாசித்த ஐடனுக்கும் பாட்டில் உரிமை உண்டு என்று யாரும் சொல்லவில்லை. எழுதியதை வாசிப்பது வேறு, இல்லாத மெட்டை உண்டாக்குவது வேறு, நீதிபதி பார்த்தது அந்த வித்தியாசத்தைத்தான். பாக்கின் சாயல் இருக்கிறதே, அப்புறம் எப்படி ஃபிஷருடையது என்று கேட்பவர்களும் உண்டு. சாயல் இருக்கிறது, அவர் பாக்கைப் படித்து ஊறியவர். ஆனால் பாக்கின் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் இந்த எட்டு அளவு அப்படியே கிடைக்காது. நம் ஊரில் ஒரே ராகத்தில் ஆயிரம் மெட்டு போடுகிறோம், ராகம் பொது, மெட்டு போட்டவருடையது.

நம் நாட்டில் 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்திப் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் வருமானத்தில் பங்கை உறுதி செய்தார்கள், நல்ல காரியம். வாசிப்பவர்களின் பணக் கணக்கைப் பற்றி நான் இங்கே பேச வரவில்லை, அது பெரிய விஷயம், சட்டம் படித்தவர்கள் பேசட்டும். நான் கேட்பது பெயரை மட்டும்தான். இளையராஜாவின் பாட்டுகளில் கீபோர்டு வாசித்த விஜி மேனுவல், ட்ரம்ஸ் வாசித்த புருஷோத்தமன், புல்லாங்குழல் வாசித்த அருண்மொழி என்கிற நெப்போலியன், இவர்களை எங்களைப் போன்றவர்கள் சாமி மாதிரி கும்பிடுவோம். அந்தப் பாட்டுகளைப் பற்றி உங்கள் பத்திரிகையில் எத்தனையோ தடவை பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள், நான் கத்தரித்து வைத்த பழைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன், நடிகர் பெயர் இருக்கிறது, படம் எடுத்த இடம் இருக்கிறது, கதாநாயகி கட்டிய சேலையின் நிறம்கூட இருக்கிறது, வாசித்தவர் பெயர் தேடித்தான் கிடைக்கிறது.

ப்ரூக்கர் 2022 பிப்ரவரியில் காலமானார், ரீட் அடுத்த வருஷம் மார்ச்சில். இரண்டு செய்திகளையும் உங்கள் பத்திரிகையில் நாலு நாலு வரியில் பார்த்தேன். இப்போது நான் கேட்பது இரண்டு விஷயம். ஒன்று, வரும் ஞாயிறு இணைப்பில் ஒரு சின்னத் திருத்தம் போடுங்கள்: ‘எ ஒயிட்டர் ஷேட் ஆஃப் பேல்’ பாட்டின் இசை கேரி ப்ரூக்கர், மேத்யூ ஃபிஷர், வரிகள் கீத் ரீட். இரண்டு, இனிமேல் எந்தப் பாட்டைப் பற்றி எழுதினாலும், முன்னிசையையோ இடையிசையையோ புகழ்ந்து ஒரு வரி எழுதினீர்கள் என்றால், அதை வாசித்தவர் யார் என்று ஒரு போன் போட்டுக் கேட்டு அதே வரியில் சேர்த்துவிடுங்கள். திண்டுக்கல், மதுரை பக்கத்து மெல்லிசைக் குழுக்காரர்களில் நிறையப் பேரை எனக்குத் தெரியும், பெயர் தெரியாமல் தவித்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள், நானே விசாரித்துச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகன்,
திண்டுக்கல்.